வடசென்னைக் கானாவும் முதல் ஒலிப்பதிவும்

இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர் இராயப்பர் என்னும் பெயரினின்று பிறந்தது என்பர். இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் வழங்கிய பெயர். பேதுரு வலைஞர், அவர் பெயரால் அமைந்த கோயிலைச் சூழ்ந்து வலைஞரும் படகோட்டிகளும் குடியிருந்தமை பொருத்தமேயாம். அதற்கு வடக்கே காசிமேடு. பின்னும் வடக்கே திருவொற்றியூர். அதற்கப்பால், கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர். 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில் தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்றே புறப்பட்டது. பின்னர்த் துறைமுகமும், ஆலைகளும், மோட்டார்த் தொழிற்சாலைகளும், அனல் மின்நிலையங்களும் இக்கரையை நிரப்பின. அண்மையிலுள்ள பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்ததும், அதில் திரு. வி. க. உழைத்ததும் நாம் அறிந்தவை.

பாட்டுக்கும் இக்கரை புதிதன்று. திருவொற்றியூர் தேவாரம் பெற்ற பதி. பட்டினத்தார் அடங்கிய இடம். இராமலிங்க அடிகள் தம் இளமையில் வழிபட்டுப் பாடிய கோயில். அப்பாடல்களெல்லாம் ஏட்டில் ஏறின, அச்சிலும் வந்தன. ஆயின், அதே மணலில் வலை இழுத்தவனும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், ஆலைச் சங்கொலிக்கு எழுந்தோடியவளும் பாடிய பாட்டுகள் நெடுங்காலம் காற்றோடே போயின. அவற்றைக் கேட்டு மகிழ்ந்தோர் பலர். பெயரெழுதி வைத்தோர் மிகச் சிலர்.

இந்நாளில் அந்நிலை மாறி வருகின்றது. தெருவிற் பிறந்த பாட்டைக் கித்தாரோடும் மேனாட்டு முரசுகளோடும் சேர்த்து, திரைப்படத் துணையின்றித் தாமே பதிவு செய்து, தாமே பரப்பும் இளைஞர் குழுக்கள் தோன்றியுள்ளன. அத்தகைய குழு ஒன்று தன் முதற் பதிவை வெளியிடும்போது, தெருப்பாட்டு எவற்றை இழக்கின்றது, எவற்றைப் பெறுகின்றது, இழப்பை ஈடு செய்யும் வழி யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

1. கானாவின் இயல்பு

கானா என்பது சென்னை மாநகரின் உழைக்கும் மக்கள் பாடும் பாட்டு. கானம் என்னும் சொல்லோடும், இந்துஸ்தானியில் பாட்டைக் குறிக்கும் கானா என்னும் சொல்லோடும் இதற்கு உறவு கூறுவர். அதன் மொழி பலநாட்டுச் சரக்கு இறங்கும் துறைமுகத்தைப் போன்றது. துட்டு என்பது டச்சுக்காரர் காசின் பெயர். நாஷ்டாவும் பேஜாரும் உருது வழி வந்தவை. தெலுங்கும் ஆங்கிலமும் வேண்டிய அளவு கலந்துள்ளன. இக்கலப்பைக் கொச்சை என்று தள்ளினோர் உளர். ஆயின், அது பலநாட்டு வாணிகமும் பலமொழி மாந்தரும் ஒரு கரையில் வாழ்ந்ததற்குச் சான்று என்பதை மொழிநூல் மாணவர் மறத்தல் ஆகாது.

கானாவுக்குரிய தலையாய இடம் இழவு வீடு. இறந்தாரைச் சுற்றி உறவினர் விழித்திருக்கும் இரவில், பாடகன் வந்தமர்ந்து, இறந்தார் பெயரையும், அவர் செய்த தொழிலையும், விட்டுச்சென்ற மக்களையும் பாட்டில் வைத்துப் பாடுவான். கருமாதியிலும் நினைவு நாளிலும் பாடுவதுண்டு. காதல், சிறை, கடல், வறுமை, நகை ஆகிய எல்லாம் பொருளாகும். டோலக்கு, சட்டி, கட்டமோளம் முதலியன துணைக்கருவிகள். அவை இல்லாவிடத்துப் பலகையும் தீப்பெட்டியுமே தாளமாகும்.

இதனின்று மூன்று இயல்புகள் புலனாகின்றன. முதலாவது, கானாவுக்கு அளவு இல்லை. அழுகை மிகுந்தால் பாட்டு நீளும். சிரிப்பு எழுந்தால் அடி மாறும். இரண்டாவது, அது முன்னிருப்போரை நோக்கியது. கேட்போர் இன்னார் என்பது பாடகனுக்குத் தெரியும். அவர்கள் முகமே அவனுக்கு ஏடு. மூன்றாவது, பாடியவன் யார் என்பதை எழுதிவைக்க வேண்டிய தேவை அங்கு இல்லை. தெரு முழுதும் அவனை அறியும். ஒலிப்பதிவுக் கூடத்தின் கதவு மூடப்பட்ட அந்தக் கணமே இம்மூன்றும் ஒருங்கே நீங்குகின்றன.

2. பிறநாட்டு முன்னோடிகள்

நாட்டுப்பாட்டை மின்கருவிகளோடு இணைக்கும் முயற்சி உலகிற்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். அமெரிக்காவில் பாப் டிலன் 1965 ஜூலை 25-இல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்கித்தார் ஏந்தி நின்றபோது, பழமை விரும்பிகள் சிலர் கூச்சலிட்டனர். இங்கிலாந்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்னும் குழு 1969-இல் அந்நாட்டுப் பழங்கதைப் பாடல்களை இம்முறையில் பதிவு செய்தது. நம் நாட்டில், கல்கத்தாவில் 1975-இல் தோன்றிய மொஹீனேர் கோராகுலி என்னும் குழு, வங்கத்துப் பாவுல் இசையின் சாயலை மேனாட்டிசையோடு கலந்து, 1977-இல் தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. தில்லியில் 1990-இல் உருவான இந்தியன் ஓஷன் குழுவின் முதற்பதிவு 1993-இல் வந்தது.

இவற்றுள் ஒரு பொதுமை காண்க. குழு தோன்றியதற்கும் முதற்பதிவு வெளிவந்ததற்கும் இடையே காலம் கழிந்துள்ளது. அக்காலம் வீண் அன்று. பலவகை இசையிற் பழகியோர் ஒருவர் ஓசைக்கு மற்றவர் செவிகொடுக்கக் கற்கும் காலம் அது.

3. சென்னையில் ஒரு குழு

தமிழ்த் திரைப்படம் கானாவைப் பயன்படுத்தியது உண்டு. 1990-களில் இசையமைப்பாளர் தேவா அதனைத் திரையிசையில் பெரிதும் வழங்கச் செய்தார். அதனாற் கானாவின் மெட்டு நாடெங்கும் பரவியது. ஆயினும், திரைக்கதைக்கு ஏற்றவாறு அமைந்த கானாவிற் களியாட்டமே மிகுந்தது. இழவு வீட்டின் துயரமும், தெருவின் கோபமும் பின்னுக்குச் சென்றன.

இந்நிலையில், திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் நிறுவிய நீலம் பண்பாட்டு மையமும், மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் என்னும் அமைப்பை நடத்திய இசைஞர் டென்மாவும் இணைந்து, 2017-இல் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் குழுவை அமைத்தனர். குரலும் கருவியும் தேர்ந்தறியும் முறையில், வந்தோர் பலருள்ளும் 19 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். கானா பாடுவோரும், பறையும் சட்டியும் கொட்டுவோரும், ராப் என்னும் விரைசொற் பாட்டுப் பாடுவோரும், கித்தார் முதலிய மேனாட்டுக் கருவி வல்லாரும் அவருள் இருந்தனர். தொடக்கத்தில் அவருள் பெண்பாலார் ஒருவரே. அவர் இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி. ஆடவர்க்கே உரியதாகக் கருதப்பட்டு வந்த கானாவை மேடையேறிப் பாடிய அவரை, பி. பி. சி. நிறுவனம் 2020-இல் உலகப் பெண்கள் நூற்றுவருள் ஒருவராகத் தெரிந்தெடுத்தது.

குழுவின் பெயர் சாதியற்றோர் கூட்டு எனப் பொருள்படும். அது, 1907-இல் சென்னை இராயப்பேட்டையினின்று ஒரு பைசாத் தமிழன் என்னும் இதழைத் தொடங்கிய அயோத்திதாச பண்டிதர் (1845–1914) வழங்கிய சாதியற்ற தமிழர் என்னும் கருத்தைத் தழுவியது. பறை கொட்டுதல் ஒரு சாராரின் இழிதொழில் என்று கருதப்பட்ட நாட்டில், அதனையே கித்தாருக்கு நிகராக மேடையில் நிறுத்துவதன்கண் உள்ள பொருளை இப்பெயரே விளக்கும்.

இக்குழு 2018 ஜனவரி 6-இல் கீழ்ப்பாக்கம் சி. எஸ். ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதன்முதல் மேடையேறியது. மார்கழித் திங்கள் அது. நகரின் சபாக்களிற் கருநாடக இசைவிழா நடக்கும் பருவம். ஒரு மிஷன் பள்ளியின் திறந்த வெளியில், சீட்டின்றி, ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டனர். அந்த ஆண்டிலேயே அப்பாட்டுகள் பதிவுகளாக வெளிவரலாயின.

முறையை உற்றுநோக்குக. பதிவை முதலில் வெளியிட்டு, அதனை விற்கக் கூட்டம் நடத்துவது வழக்கம். இங்கோ கூட்டம் முந்தியது, பதிவு பிந்தியது. நாம் மேற்கூறிய மூன்று இயல்புகளுள் முன்னிருப்போரை நோக்குதல் என்பதற்கு இம்முறையால் ஓரளவு காப்புக் கிடைத்தது. பதிவுக் கூடத்திற் பாடிய பாடகர், தம்மைக் கேட்கப் போவோர் யாவர் என்பதை மைதானத்திற் கண்டறிந்த பின்னரே பாடினர். முதற் பதிவு செய்யக் கருதும் எந்தக் குழுவும் கொள்ளத்தக்க முதற்பாடம் இது.

4. கூடத்தினுள்

இனி ஒலிப்பதிவின் தொழில்நுட்பத்தைச் சிறிது நோக்குவோம்.

கிராமபோன் காலத்தில் 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடியது. ஆலாபனையும் நிரவலும் அம்மூன்று நிமிடத்திற்குள் அடங்க வேண்டியவாயின. இக்காலத்தில் அக்கட்டு அறுந்துவிட்டது. குறுந்தட்டுக்குரிய முறையில் ஒலி ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக எழுதப்படுகின்றது. கணிப்பொறியில் மணிக்கணக்காகப் பதியலாம். ஆயினும் பழக்கம் மூன்று நான்கு நிமிடத்தைவிட்டு நீங்கவில்லை. எனவே, இரவு முழுதும் நீளும் கானாவை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது முதற் சிக்கல். இசைக்கலைஞர் இதற்குச் செய்யத்தக்கது, நீண்ட பாட்டைக் குறுக்குவதன்று. அதன் பல அடிகளுள் ஒரு கதை முழுமையாக நிற்கும் அடிகளைத் தெரிந்தெடுப்பது. மாலை முழுவதையும் பிய்த்துச் சிறிது சிறிதாகக் காட்டுவதினும், ஒரு மலரை முழுதாகக் காட்டுதல் நன்று.

அடுத்தது சுருதி. கித்தார் குறித்த அளவையில் நரம்பு முறுக்கப்பட்டது. கானாப் பாடகனோ தன் தொண்டை அன்று இடங்கொடுக்கும் கட்டையில் எடுப்பான். அவனைக் கித்தாருக்கு இழுத்தால் குரல் பிளக்கும். கித்தாரை அவனுக்கு இறக்கினால் ஓசை நிறைவாகும். இறங்க வேண்டியது கருவியே. பறைக்கு வேறொரு தொல்லை உண்டு. அதன் தோலைத் தீயிற் காய்ச்சி இறுக்குவர். கடற்காற்றின் ஈரத்தில் அது விரைவிற் தளரும். குளிரூட்டிய கூடத்திலும் அதன் நிலை மாறும். ஆகவே ஒருமுறை அடித்த ஓசை மறுமுறை வாராது. நெருப்பு மூட்டவியலாத கட்டடத்தில் பறையைப் பதிவு செய்யப் புகுவோர், இதற்கென வெளியிடமும் வேளையும் முன்னரே ஒதுக்குதல் வேண்டும்.

மூன்றாவது காலப்பிரமாணம். இக்காலப் பதிவில் ஒவ்வொரு கருவியும் தனித்தனித் தடத்தில் ஏறும். எல்லாம் ஒத்து நிற்றற்பொருட்டு, செவியிற் கடிகாரத்தைப்போல் அடிக்கும் ஓசை ஒன்றைக் கேட்டுக்கொண்டே வாசிப்பர். தெருவில் தாளம் அவ்வாறு நிற்பதில்லை; உணர்ச்சி ஏற ஏற அதுவும் ஏறும். கடிகாரத்திற்குக் கட்டிவிட்டால் பிழையின்றிப் பதிவாகும். ஆயின் சவம் எழுந்து நின்றதுபோல் உயிரின்றி இருக்கும். இதற்கு இடைவழி உண்டு. பாடகனையும் சட்டி, பறை கொட்டுவோரையும் ஒரே அறையில் நிறுத்தி அடிப்படைப் பதிவை ஒருமூச்சில் எடுத்து, கித்தார் முதலியவற்றைப் பின்னர்ச் சேர்க்கலாம். கோரஸ் பாடுவோரை ஒவ்வொருவராகப் பாடவைத்துப் பெருக்குவதைவிட, பத்துப்பேரைச் சேர்த்து நிறுத்துதல் நலம். பத்துப்பேர் பாடுகையில் ஒருவர் சற்று முந்துவார், ஒருவர் பிந்துவார், அந்தச் சிறு வேற்றுமையே கூட்டத்தின் குரல்.

நான்காவது, எல்லாத் தடங்களையும் ஒன்றாக்கும் வேலை. எதனை உயர்த்துவது, எதனைத் தாழ்த்துவது என்பதை ஒலிப்பொறிஞர் முடிவு செய்கின்றார். இது பொறியியல் முடிவாகத் தோன்றினும், அறநெறி முடிவும் ஆகும். சட்டியின் ஓசையைக் கித்தாருக்கு அடியில் மறைத்துவிட்டால், மேடையில் நிகராக நின்றவர் பதிவில் மீண்டும் கடைவாயிலில் நிறுத்தப்படுவர். ஆதலின், குழுவினர் அனைவரும் இறுதிக் கலவையைக் கேட்டு ஒப்புதல் அளித்தபின்னரே அதனை வெளியிடுதல் முறை.

5. பெயரும் உரிமையும்

1902 நவம்பரில் கல்கத்தாவில் ஆங்கிலக் கிராமபோன் கம்பெனியார் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்தனர். அவர் தம் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறுவார். தட்டு அச்சாகும் ஜெர்மனியில் இன்னார் பாடியது என்று தொழிலாளர் அறிதற்பொருட்டு எழுந்த வழக்கம் அது. தொழிற்சாலையின் வசதிக்காக எழுந்த அவ்வழக்கமே இன்று அவர் பெயரை நம் செவிக்குக் கொண்டு வருகின்றது. அவர்காலத்தில் நம் கடற்கரையிற் பாடியோர்க்கு அந்த ஒரு வினாடியும் வாய்க்கவில்லை.

எனவே பெயர் என்பது அணிகலம் அன்று. அதுவே சொத்துக்குப் பத்திரம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. பாட்டெழுதியவர்க்கும் மெட்டமைத்தவர்க்கும் வாழ்நாளும் அதன்மேல் 60 ஆண்டும் அது உரிமை அளிக்கின்றது. ஒலிப்பதிவின் உரிமையோ, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, பதிவுசெய்வித்த தயாரிப்பாளரைச் சாரும். பாடுவோரும் வாசிப்போரும் நெடுங்காலம் உரிமையின்றி நின்றனர். 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துவோர் உரிமை என்பதைச் சட்டத்திற் சேர்த்தது. அதன் காலம் இப்பொழுது 50 ஆண்டு. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒரு படி சென்று, நிகழ்த்துவோர் தம் பெயர் குறிக்கப்படுதற்கும், தம் நிகழ்ச்சி சிதைக்கப்படுவதை மறுத்தற்கும் உரியர் என்று கூறிற்று.

இங்கே குழுவினர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. உரிமையை மாற்றிக்கொடுத்தல் எழுத்தாலும் கையொப்பத்தாலும் அன்றிச் செல்லாது. மாற்றிக்கொடுக்கும் காலத்தைக் குறிக்காவிட்டால் அது ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பைக் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்பது நல்ல உள்ளத்தார் சொல்லும் சொல்; ஆயினும் பாட்டு புகழ்பெற்றபின் நட்பும் கெடும், கணக்கும் கெடும். பாட்டெழுதியவர் இன்னார், மெட்டு இன்னாரது, சட்டி கொட்டியவர் இன்னார், வருவாயில் ஒவ்வொருவர் பங்கு இவ்வளவு என்று பதிவுக்கு முன்னரே ஒரு தாளில் எழுதி அனைவரும் கையொப்பமிடுதல், நட்பை ஐயுறுதல் ஆகாது. அதற்கு வேலி இடுதலேயாம்.

மரபுப்பாட்டின் நிலை இன்னும் நுண்ணியது. பாட்டியிடம் கேட்ட ஒப்பாரிக்கும், தெருவில் வழங்கும் மெட்டுக்கும் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் இல்லை; எவரும் எடுத்தாளலாம். ஆயின் சட்டம் பேசாத இடத்தில் நன்றியறிதல் பேசவேண்டும். இன்ன தெருவில் இன்னாரிடம் கற்றது என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவில் பாடிப் பெயர்பெற்ற அறிவு என்னும் கவிஞர் பங்குகொண்ட தனியிசைப் பாட்டு ஒன்று 2021-இல் உலகெங்கும் பரவியது. அதன்பின், ஆக்கியோர் பெயரை எங்கே, எவ்வாறு வைப்பது என்னும் விவாதம் பொதுவெளியில் நெடிது நடந்தது. பாட்டின் வெற்றியே பெயர்ச்சிக்கலைத் தோற்றுவித்தது என்பதைக் கருதினால், வெற்றிக்கு முன்னரே அதனைத் தீர்த்துக்கொள்ளும் தேவை விளங்கும்.

6. பரப்பும் வழி

தமிழ்நாட்டில் பாட்டு என்றால் திரைப்பாட்டு என்றே பெரும்பான்மையோர் கொள்வர். வானொலிகள் பெரிதும் அதனையே ஒலிக்கின்றன. ஆகவே, நடிகர் முகமின்றி ஒரு பாட்டைப் பரப்புதல், எதிர்க்காற்றிற் கட்டுமரம் செலுத்துவது போன்றது. முன்னாளிற் கானாப் பாடகர் ஒலிநாடாவிற் பதிந்து கடைகளில் விற்றனர். இந்நாளில் யூடியூப், ஸ்பாடிஃபை முதலிய இணையவழிகள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. பதிவு ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட உலகப் பொதுக் குறியீடு ஒன்று தரப்படுகின்றது. அக்குறியீட்டைக் கொண்டே எந்நாட்டில் எத்தனை முறை கேட்டனர் என்பது கணக்காகின்றது.

இவ்வழிகளுக்கும் தத்தம் விதி உண்டு. ஸ்பாடிஃபையில் 30 வினாடி கேட்டாலன்றி ஒருமுறை கேட்டதாகக் கணக்கிடார். 2024-ஆம் ஆண்டு முதல், ஒரு பாட்டு முந்திய பன்னிரண்டு திங்களில் 1,000 முறை கேட்கப்பட்டாலன்றி அதற்குப் பங்கு கிடைப்பதில்லை. ஆயிரம் என்பது மலைக்கத்தக்க எண் அன்று. நாளொன்றுக்கு மூவர் கேட்டாற் போதும். ஆனால் முப்பது வினாடி விதியின் தீமை பெரிது. கானா தாளமின்றி நீட்டிப் பாடும் தொகையறாவோடு தொடங்குவது வழக்கம். அதுவே துயரத்தின் வாயில். கேட்போர் அதற்குள் வேறு பாட்டுக்குத் தாவிவிடுவாரோ என்றஞ்சி அதனை வெட்டுவோர் உளர். வாயிலை இடித்துவிட்டு வீட்டிற்குள் வருக என அழைப்பது எங்ஙனம்?

வேறொரு முன்மாதிரி எண்ணூரிலேயே உள்ளது. 2017 ஜனவரியில் வெளிவந்த சென்னை புறம்போக்குப் பாடல், கபேர் வாசுகி சென்னைப் பேச்சுமொழியில் எழுத, டி. எம். கிருஷ்ணா கருநாடக இசையிற் பாடியது. எண்ணூர்க் கழியிலும் சாம்பற் குவியலிடையிலும் நின்று பாடி, அதனைப் படமாக்கி இணையத்தில் வெளியிட்டனர். புறம்போக்கு என்பது வசவாகிவிட்ட சொல். அது எல்லார்க்கும் பொதுவான நிலத்தின் பெயர் என்பதை அப்பாட்டு நினைவூட்டியது. விளம்பரப் பலகை ஒன்றும் இன்றி அது பரவியமைக்குக் காரணம், பாட்டும் இடமும் வழக்கும் ஒன்றாய் நின்றமையே. முதற்பதிவை வெளியிடும் குழு, எம்மைக் கேளுங்கள் என்று கூவுவதினும், இந்த இடத்தைப் பாருங்கள் என்று காட்டுவது வலிமையுடையது.

பரவுதலுக்கு ஓர் இடரும் உண்டு. இழவு வீட்டிற் பாடியது அவ்விரவோடு முடியும்; பதிந்தது முடிவதில்லை. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018-இல் மேடையேற்றிய பாட்டு ஒன்று, ஆறாண்டு கழித்து 2024 நவம்பரில் மீண்டும் பரப்பப்பட்டு, பாடிய இசைவாணிமீது காவல்துறையிற் புகார்கள் எழுந்தன. இழிமொழிகளும் மிரட்டல்களும் அவரை நோக்கி வந்தன. பாடியது குழு, பழி வந்தது ஒரு பெண்மேல். எனவே, வருவாயைப் பங்கிடும் தாளில் பொறுப்பையும் பங்கிட்டு எழுதுதல் வேண்டும். புகழுக்கு அனைவரும், பழிக்கு ஒருவர் என்பது கூட்டு ஆகாது.

7. நமக்குரிய பாடம்

இப்பொருள் மிஷன் கல்லூரியார்க்குப் புறம்பானதோ எனின், அன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) நாட்டில் வழங்கிய குறவஞ்சி முதலிய வடிவங்களைக் கிறிஸ்தவ பக்திக்கு ஆக்கினார். அவர் கீர்த்தனைகள் அச்சேறியமையாலேயே இன்றும் அவர் பெயரோடு பாடப்படுகின்றன. நம் காலத்திற்கு அண்மையில், மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியாப்பிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற மெட்டிலேயே ஆராதனை முறையை அமைத்து, பறையை ஆலயத்தினுள் கொணர்ந்தார். பறை கோயிலுள் வரலாமா என்று ஐயுற்றோர் சபைகளிலும் இருந்தனர். பாட்டை மக்கள் தம் நிலைக்கேற்ப மாற்றிப் பாடவேண்டும், அதுவே நாட்டுப்பாட்டின் ஆற்றல் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை நம் ஆராய்ச்சிக்கு முடிவு காட்டுகின்றது. ஒலிப்பதிவு பாட்டின் கல்லறையாகவும் கூடும், நாற்றங்காலாகவும் கூடும். பதிவே இறுதி என்று கொண்டால், கானா மூன்றரை நிமிடத்தில் உறைந்துவிடும். பதிவு ஒரு நாளைய பாட்டே, நாளை வேறு அடி சேரும் என்று கொண்டால், அதனைக் கேட்ட சிறுவன் தன் தெருவின் பெயரை வைத்துப் புதிதாகப் பாடுவான். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய மார்கழியில் மக்களிசை என்னும் விழா, பதிவு செய்தோரை மீண்டும் மேடைக்கு அழைத்ததனால் இந்நன்மையைப் பெருக்கியது.

ஆகவே, நம் மாணவருள் எவரேனும் குழு அமைத்து முதற்பதிவு வெளியிட விரும்பின், நாம் கூறுவன நான்கே. முதலில் ஊரார் முன் பாடுக. பின்னர்க் கூடம் புகுக. கருவியைக் குரலுக்கு இறக்குக. குரலைக் கருவிக்கு இழுக்கற்க. கையொப்பமிட்ட தாளின்றிப் பதிவு தொடங்கற்க. பாட்டு எவரிடம் பிறந்ததோ அவர் பெயரைப் பாட்டோடு சேர்த்தே அனுப்புக. நெடுங்காலம் பெயரின்றிப் பாடிய கரை அது. அதன் பாட்டு இனி உலகெங்கும் செல்லுமாயின், பாடியவர் பெயரும் உடன்செல்லுதலே முறையாம்.